பட்டாளத்தாரின் எலும்பும் ஜீவசத்து 'டி'யும்

சேனையில் சேர்பவர்கள் ஜனங்களுள் தேகபலம் மிக்கவர்கள் என்பது பொதுவான எண்ணம். வயது, உயரம், மார்பின் அளவு, கண்பார்வை ஆகிய எல்லாவற்றையும் சோதித்த பின்னரே ஒருவரைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். சேர்ந்த பின்னர் அவருக்கு வேளை தவறாத உணவும், ஒழுங்கான தேகப்பயிற்சியும், வைத்தியர் மேற்பார்வையும் கிடைக்கின்றன. அத்தகையோருக்கும் உணவுச் சத்துக் குறைவினால் தீங்கு நேருமோ என்று நேயர்கள் கேட்கலாம். நேரும் என்பதே சரித்திரம் கூறும் விடை.

உணவுச் சத்துக்களைப் பற்றிய பல உண்மைகள் முதன் முதலில் கப்பல்களிலும் பாசறைகளிலுமே வெளிப்பட்டன. 1747-ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் வைத்தியர், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளுக்கு வெவ்வேறு சிகிச்சை செய்து பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினார்கள் என்று கண்டார். 1880-களில் ஜப்பானியக் கடற்படையில் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டு பெரிபெரி நோயால் மாண்டுகொண்டிருந்த மாலுமிகளை, டகாகி கனெஹிரோ என்ற வைத்தியர் உணவை மாற்றிக் காப்பாற்றினார். 1915-16-இல் மெஸொபொட்டேமியாவில் கூட் என்னும் ஊரில் முற்றுகைக்குள் அகப்பட்ட படையில், வெள்ளைச் சிப்பாய்களைப் பெரிபெரியும் இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வியும் வாட்டின. ஒரே முற்றுகையில் இருந்தும் அவரவர் உண்ட உணவுக்கேற்ப நோய் வேறுபட்டது.

இந்நோய்கள் மனிதனை வெளிப்படையாக வீழ்த்துவன. ஜீவசத்து 'டி', அதாவது வைட்டமின் 'டி', குறைவதோ அவ்வாறன்று. அக்குறை உடையவன் உண்பான், உறங்குவான், அணிவகுப்பில் நிற்பான். பாரம் ஏறும்போதுதான் குறை வெளிப்படும். ஆதலால் அதைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

ஜீவசத்து 'டி' யாது?

மற்ற ஜீவசத்துக்களைப் போல இஃது உணவினால் மட்டும் கிடைப்பதன்று. நம் தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது சூரியனுடைய புற ஊதாக் கிரணங்களுள் ஒரு பகுதி படும்பொழுது, அப்பொருள் ஜீவசத்து 'டி'யாக மாறுகிறது. அது முதலில் கல்லீரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் பக்குவப்பட்டு, வேலை செய்யும் நிலையை அடைகிறது.

அதன் முக்கியமான வேலை, நாம் உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடலினின்றும் இரத்தத்தில் சேர்ப்பதாகும். ஜீவசத்து 'டி' போதிய அளவில் இருந்தால் உண்ட சுண்ணாம்புச் சத்தில் 100-க்கு 30 முதல் 40 பங்கு வரை உடலில் சேரும். அது மிகக் குறைந்தால் 10 முதல் 15 பங்கே சேரும். எஞ்சியது வீணாகக் கழியும். களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் சாவி இல்லாதவன் பட்டினி கிடப்பது போன்றது இந்நிலை.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஓர் அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் இருதயமும் தசைகளும் நரம்புகளும் செவ்வனே இயங்கமாட்டா. ஆதலால் குடலிலிருந்து வரவேண்டியது வாராதபோது, கழுத்திலுள்ள சிறு கோளங்கள் ஒருவித ரஸத்தைச் சுரந்து, எலும்பில் சேமித்து வைத்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து இரத்தத்திற்குக் கொடுக்கின்றன. அன்றாடச் செலவுக்கு முதலை எடுத்துச் செலவழிக்கும் குடும்பம் வெளிப்பார்வைக்குச் சில காலம் செழிப்பாகவே தோன்றும் அல்லவா? எலும்பின் கதையும் அதுவே.

இக்குறை குழந்தைகளிடத்து முற்றினால் கால்கள் வளையும். இதனை ரிக்கெட்ஸ் என்பர். வளர்ந்தவர்களிடத்து முற்றினால் எலும்பு மென்மையாகி, இடுப்பும் தொடையும் வலிக்கும். 1890-இல் பாம் என்ற வைத்தியர், வெயில் மிகுந்த நாடுகளில் ரிக்கெட்ஸ் அரிதாக இருப்பதைச் சுட்டிக் காட்டினார். 1919-இல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் பாதரச விளக்கின் ஒளியைக் குழந்தைகளின் உடலிற் படச்செய்து அந்நோயைத் தீர்த்தார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மறு கை எலும்பும் குணமடைந்ததால், தோலில் உண்டாகும் ஏதோ ஒரு வஸ்து இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்பது விளங்கிற்று. அக்காலத்திலேயே இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி, காட் மீன் எண்ணெய் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வாராமல் தடுப்பதைக் காட்டினார். 1922-இல் அமெரிக்காவில் மக்காலம் என்பவர், அவ்வெண்ணெயில் இவ்வேலையைச் செய்வது ஜீவசத்து 'ஏ' அன்று, வேறொன்று என்று நிரூபித்தார். அதுவே 'டி' எனப் பெயர் பெற்றது.

அணிநடை முறிவு

இனிச் சிப்பாயின் காலைக் கவனிப்போம். 1855-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை வைத்தியர் பிரைட்ஹௌப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிநடை போட்ட இளஞ்சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதினார். விழுந்ததும் இல்லை, அடிபட்டதும் இல்லை. காரணம் அவருக்கு விளங்கவில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897-இல் ஸ்டெக்கோவ் என்பவர் அத்தகைய பாதங்களைப் படம் பிடித்து, உள்ளே எலும்பில் கீறல் விட்டிருப்பதைக் காட்டினார். இதற்கே அணிநடை முறிவு என்று பெயர். பாதத்தின் நீண்ட சிற்றெலும்புகளிலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் இது மிகுதியாக உண்டாகும். தொடையெலும்பின் கழுத்தில் உண்டானால் பெரிய அபாயம்.

இது நேரும் விதம் யாதெனில், எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளன்று. பழைய பாகத்தை அரித்தெடுப்பதும் புதிய பாகத்தைக் கட்டுவதும் அதில் எந்நாளும் நடைபெறுகின்றன. ஒருவன் திடீரென்று நாள்தோறும் பல மைல் ஓடவும், முதுகில் மூட்டை சுமந்து நடக்கவும் தொடங்கினால், எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ள முற்பட்டு, முதலில் பழையதை இடித்தெடுக்கிறது. இடிப்பு விரைவில் முடியும். கட்டுவதோ மெதுவாகவே நடக்கும். பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்புமுன் கூரைப் பாரத்தை ஏற்றினால் வீடு என்னாகுமோ, அதுவே பயிற்சியின் முதற் சில வாரங்களில் காலெலும்புக்கு நேருகிறது. அச்சமயத்தில் சுண்ணாம்புச் சத்தும் ஜீவசத்து 'டி'யும் குறைந்திருந்தால் கட்டும் வேலை இன்னும் தாமதப்படும்.

இதனால் ஏற்படும் நஷ்டம் சிறிதன்று. 1985-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இஸ்ரேல் நாட்டில் புதிதாகச் சேர்ந்த 295 சிப்பாய்களுள் 100-க்கு 31 பேருக்கு இத்தகைய முறிவு கண்டது. முறிவுற்றவன் பல வாரங்கள் ஓய்வில் இருக்க நேரும். பயிற்சி தடைப்படும். சிலர் வேலையையே இழந்து ஊர் திரும்புவர்.

வெயிலில் நிற்கும் சிப்பாய்க்கும் குறைவு வருமோ?

சிப்பாய் என்றாலே வெயிலில் நிற்பவன் என்று நாம் நினைக்கிறோம். அது முழுதும் உண்மையன்று. நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று மாதங்கள் வரை சூரியனைக் காணாமலே இருப்பதுண்டு. இராக்காவல் புரிவோர் பகலில் உறங்குவர். எந்திர அறைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பலர். வெளியில் நிற்பவர்களும் தலைமுதல் கால்வரை தடித்த உடையால் மூடப்பட்டிருக்கிறார்கள். வட நாடுகளில் மாரிக்காலத்தில் சூரியன் மிகவும் தாழ்ந்து செல்வதால், ஜீவசத்து 'டி'யை உண்டாக்கும் கிரணங்கள் தரைக்கு எட்டுவதே இல்லை. அங்கே நாள் முழுவதும் வெளியில் நின்றாலும் பயனில்லை.

பிரிட்டிஷ் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறித்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகிறது. மாரிக்காலத்தில் ஆண்களுள் 100-க்கு 9 பேரும் பெண்களுள் 100-க்கு 36 பேருமே போதிய ஜீவசத்து 'டி' உடையவராக இருந்தனர். போதியது என்பது ஒரு மில்லி லிட்டர் இரத்த நீரில் 20 நானோகிராம் என்று கொள்ளப்பட்டது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. டில்லியில் வைத்தியர்கள் பலவகை ஜனங்களின் இரத்தத்தைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். வைத்தியசாலைக்குள்ளேயே பகற்பொழுதைக் கழித்த டாக்டர்களுக்கும் தாதியர்க்கும் ஜீவசத்து 'டி' மிகவும் குறைந்திருந்தது. வெயிலில் பணிபுரிந்த சிப்பாய்களுக்கோ அது அவர்களினும் மிக அதிகமாக இருந்தது. இருசாராரும் ஒரே நகரத்தில், ஒரே வானத்தின் கீழ் இருந்தவர்களே. 1920-களில் காஷ்மீரத்தில் பணிபுரிந்த டாக்டர் காத்லீன் வாகன் என்ற மாது கண்டதும் இதுவே. கோஷா முறையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஸ்திரீகளுக்கு இடுப்பெலும்பு கெட்டுப் பிரசவம் ஆபத்தாயிற்று. படகிலும் வயலிலும் உழைத்த ஏழை ஸ்திரீகளுக்கு அத்துன்பம் நேரவில்லை. நாட்டில் வெயில் இருந்தால் மட்டும் போதாது, அது தோலின்மேல் பட வேண்டும் என்பது இவற்றால் தெளிவாம்.

ஆராய்ச்சிகள் கூறுவது

பின்லாந்து தேசத்தில் 2002-ஆம் ஆண்டில் கட்டாயப் படைப்பயிற்சிக்கு வந்த இளைஞர்களுள் 756 பேரை மூன்று மாதகாலம் கவனித்தார்கள். அவர்களுள் 22 பேருக்கு அணிநடை முறிவு ஏற்பட்டது. அனைவரையும் இரத்தத்திலுள்ள ஜீவசத்து 'டி'யின் அளவுப்படி இரண்டு சமபாதியாகப் பிரித்துப் பார்த்தபொழுது, குறைந்த பாதியினர்க்கு முறிவு அபாயம் மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அவ்வரசாங்கம் 2003 முதல் பாலில் ஜீவசத்து 'டி'யைச் சேர்க்க ஏற்பாடு செய்தது. அதனால் ஓராண்டுக்குள் அந்நாட்டு இளைஞர்களின் இரத்தத்தில் அதன் அளவு நன்கு உயர்ந்தது. எவரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் அருந்தும் பாலே அதனைக் கொணர்ந்தது.

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்கள் 5,201 பேரைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்கு 8 வாரகாலம் நாள்தோறும் 2,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 800 யூனிட் ஜீவசத்து 'டி'யும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதேபோன்ற வெறும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை உண்டவருள் 100-க்கு 6.6 பேருக்கும், சத்து மாத்திரை உண்டவருள் 5.3 பேருக்கும் முறிவு கண்டது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு முறிவுகள் தவிர்க்கப்பட்டன. இரண்டு சத்துக்களையும் சேர்த்தே கொடுத்ததால் எதனால் எவ்வளவு பயன் என்று பிரித்துக் கூற இயலாது. இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பதால் சேர்த்துக் கொடுத்ததே முறை எனலாம். இதன் பின்னர் அந்நாட்டுப் படையில், பயிற்சி பெறுவோர் தின்பதற்கென இவ்விரண்டு சத்தும் சேர்த்த தின்பண்டம் ஒன்றையும் செய்து பரிசோதித்திருக்கிறார்கள்.

இது சர்வரோக நிவாரணி அன்று

நற்பொருளுக்கும் அளவு உண்டு. ஜீவசத்து 'டி'யைப் பற்றிய புகழுரைகள் பல, ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. மேற்கூறிய 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலேயே, குறைவுள்ளவர்களுக்கு 12 வாரம் செயற்கை வெயிலாலோ மாத்திரையாலோ குறையை நீக்கியும் அவர்களுடைய ஓட்டமும் பலமும் அதனால் பெருகவில்லை. அமெரிக்காவில் நடுவயதும் முதுமையும் அடைந்த 25,871 பேரைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. குறைவுள்ளவர் என்று தெரிந்தெடுக்கப்படாத அவர்களுக்கு நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. இல்லாதவனுக்குக் கொடுத்தால் மருந்து, உள்ளவனுக்குக் கொடுத்தால் வீண் செலவு என்பதே இதன் கருத்து.

மேலும் அணிநடை முறிவுக்குச் சத்துக் குறைவு ஒன்றே காரணமன்று. இஸ்ரேல் படையில் சிப்பாய்களை இரவில் குறைந்தது 6 மணி நேரம் உறங்கச் செய்து, மொத்த நடைத் தூரத்தையும் குறைத்தபொழுது முறிவுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஓய்வும் உறக்கமும் படிப்படியான பயிற்சியும் உணவோடு ஒக்கக் கருதத்தக்கவை.

அளவு மீறினால் தீங்கும் உண்டு. ஜீவசத்து 'டி' கொழுப்பில் தங்குவது, எளிதில் கழிந்துபோகாது. 60,000 யூனிட் உள்ள மருந்தை வாரம் ஒரு முறை உண்ணும்படி வைத்தியர் எழுதிக் கொடுக்க, அதைத் தினமருந்தென்று எண்ணி நாள்தோறும் உண்டு ஆபத்துக்குள்ளானவர்கள் உண்டு. இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து வாந்தி, தாகம், மலச்சிக்கல், மயக்கம் தோன்றும். சிறுநீரகம் கெடும். ஆகவே வைத்தியர் குறித்த நாளும் அளவும் தவறாமற் காத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை யாவை?

கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் பல வாலிபர்களும், இக்காலத்தில் பெண்களும், படையிலும் போலீஸிலும் சேர விரும்பிச் சாலைகளில் ஓடிப் பழகுகிறார்கள். பயிற்சியில் முறியும் எலும்பு பயிற்சிக் களத்தில் உண்டானதன்று. அது பிள்ளைப் பருவம் முதல் வீட்டில் வளர்ந்து வந்த எலும்பே. ஆதலால் பெற்றோரும் உபாத்தியாயர்களும் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்.

முதலாவது, வெயில். காலை இளவெயிலில் நிற்பதே போதும் என்று பலர் நம்புகிறார்கள். இளவெயில் உடலுக்கு இதமானதே. ஆயினும் சூரியன் சாய்ந்திருக்கும்பொழுது தேவையான கிரணங்கள் மிகச் சொற்பமாகவே தரைக்கு வருகின்றன. விடியற்காலையில் மட்டும் ஓடிப் பழகிவிட்டுப் பகல் முழுதும் அறைக்குள் இருப்பவர்களுக்கு இதனால்தான் பயன் குறைகிறது. நிழலைப் பார்த்துக் காலத்தை அறியலாம். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையே தகுந்த வேளை. அப்பொழுது முகமும் கைகளும் கால்களும் வெயிலிற் படும்படி சிறிது நேரம் வெளியில் இருக்கவேண்டும். கருநிறமுடையவர்க்கு வெண்ணிறத்தாரைவிட அதிக நேரம் தேவை. தோல் எரியுமளவும் நிற்பது கூடாது. கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் விழும் வெயிலால் பயனில்லை, அக்கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இரண்டாவது, உணவு. தானியங்களிலும் காய்கறிகளிலும் ஜீவசத்து 'டி' அநேகமாக இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கொழுப்புள்ள மீன்களிலும், மீன் எண்ணெயிலும், ஈரலிலும் உண்டு. ஒரு முட்டையின் மஞ்சட் கருவில் சுமார் 40 யூனிட் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்று விதித்திருப்பதால், முட்டையை மட்டும் நம்பியிருக்க இயலாது. புலால் உண்ணாதவர்கள், இச்சத்துச் சேர்த்து விற்கப்படும் பாலையும் எண்ணெயையும் பார்த்து வாங்கலாம். சுண்ணாம்புச் சத்தை மறத்தல் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால், மோர், கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறு மீன் ஆகியவையும் அதனைத் தருவன.

மூன்றாவது, பயிற்சி. ஆள்சேர்ப்பு நாள் நெருங்கியபின் ஒரே மாதத்தில் பலத்தைத் தேட முயலுதல் தவறு. ஓடும் தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். நன்றாக உறங்கவேண்டும். காலில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலித்து, ஓடும்போது மிகுந்து, ஓய்வில் தணியும் வலி இருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கீறல் விட்ட எலும்பு ஓய்வு கொடுத்தால் கூடும், ஓடினால் முற்றிலும் முறியும்.

நான்காவது, சோதனை. இடுப்பு வலி, தொடைச் சோர்வு, படியேற முடியாமை முதலியன நீடித்தால் இரத்தத்தைச் சோதித்துக் குறைவு உண்டென்று கண்ட பின்னரே மருந்து உண்ணவேண்டும். அண்டை வீட்டார் உண்டது கண்டு தாமும் உண்ணுதல் ஆகாது.

ஞாபகத்தில் இருத்தத்தக்கவை

1. ஜீவசத்து 'டி' பெரும்பாலும் தோலில் வெயிலால் உண்டாவது, உணவில் சொற்பமே.
2. அது குறைந்தால் உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. எலும்பிலுள்ள முதல் கரையும்.
3. அக்குறை வெளியே தெரியாதிருந்து, நெடுநடையும் பாரமும் ஏற்படும்பொழுது முறிவுக்குத் துணை செய்யும்.
4. நிழல் குட்டையாக இருக்கும் வேளையின் வெயிலே பயன் தரும்.
5. குறைவுள்ளவர்க்கே மருந்து, அளவு மீறினால் அதுவே விஷம்.

எலுமிச்சை கப்பலேறியபின் ஸ்கர்வி மாலுமிகளை விட்டு நீங்கிற்று. ஜீவசத்து 'டி'யின் குறையை நீக்கும் வழியும் அதனினும் அரிதன்று. அதிலும் பெரும்பகுதியை ஒவ்வொருவர் வீட்டு முற்றத்திலும் விழும் நண்பகல் வெயில் விலையின்றியே தருகிறது. அதை அளவறிந்து பயன்படுத்திக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளை, படைக்குச் சென்றாலும் ஏருக்குச் சென்றாலும் உறுதியான காலுடனே செல்வான்.